ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரே நாள்ல: மேற்கே ஆரம்பிச்சு கிழக்கே முடிங்க

பெங்களூர்ல இருக்கிற தமிழ் ஆளுங்ககிட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருக்கீங்களான்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "ஓ, மைசூர் போற வழியில எட்டிப் பாத்தோமே"ன்னு தான் சொல்லுவாங்க. எட்டிப் பாக்குறதுன்னா என்ன, கோயில்ல ஒரு கும்பிடு, டிப்பு சமாதி முன்னாடி ஒரு செல்ஃபி, சங்கமத்துல கால நனைச்சிட்டு ஒரு இளநீர், மூணு மணி நேரத்துல வண்டி மைசூர் அரண்மனை பார்க்கிங்ல நிக்கும். நானும் முதல் ரெண்டு தடவை அப்படித்தான் போனேன், ஒண்ணும் புரியலை, வெயில் அடிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒருநாள் தனியா ரயில்ல போய் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நடந்தேன். அன்னைக்கு தான் இந்த ஊரு ஒரு தீவுங்கறதே மண்டையில ஏறிச்சு. ஏன்னா ஹைவேல வர்றவங்களுக்கு ரெண்டு பாலம் தாண்டுறதே தெரியாது, ஒரு பாலத்துல உள்ள வந்து இன்னொரு பாலத்துல வெளிய போயிடுவாங்க.

விஷயம் என்னன்னா காவிரி இங்க ரெண்டா பிரிஞ்சு, ஒரு நாலஞ்சு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவை நடுவுல விட்டுட்டு, கிழக்க போய் மறுபடி ஒண்ணா சேருது. மேற்கு முனைல கோட்டையும் கோயிலும், நடுவுல டிப்புவோட தோட்ட மாளிகை, கிழக்கு முனைல சமாதியும் சங்கமமும். அதாவது தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே நீங்களும் போனா போதும், ஊரு தானா ஒழுங்கா வரும். ஆனா இங்க ஆட்டோக்காரங்க பாதிப் பேரு பெங்களூர் பக்கத்துல இருந்து வர்றவங்கள முதல்ல சமாதிக்குக் கொண்டு போவாங்க, அப்புறம் சங்கமம், கடைசியா பதினொன்றரை பன்னெண்டு மணிக்கு கோயில். அந்த நேரத்துல கோயில் கல்லுல வெறுங்காலோட நடந்து பாருங்க, சாமியே தெரியாது, கால் மட்டும் தான் தெரியும்.

எப்ப போகணும்

இதை முதல்ல முடிவு பண்ணுங்க, மத்தது எல்லாம் அப்புறம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லா இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல போறதுன்னா முந்தின நாள் நியூஸ் பாத்துட்டு கிளம்புங்க. "கே.ஆர்.எஸ் அணையில இருந்து இத்தனை ஆயிரம் கன அடி தண்ணி திறப்பு, மேட்டூருக்கு வரத்து அதிகரிப்பு"ன்னு நாம ஊர்ல வருஷாவருஷம் படிப்போமே, அந்தத் தண்ணி மேட்டூருக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தத் தீவைத் தான் முதல்ல தொடுது. பெரிய வெள்ளம் வந்தா ரங்கனத்திட்டு பறவை சரணாலயத்துல படகு நிறுத்திடுவாங்க, சங்கமத்துல படி முங்கிடும், பரிசல் கிடையாது. ஆனா ஆத்தைப் பாக்கணும்னா அதுதான் நேரம், நான் ஒரு ஆகஸ்ட்ல பழைய வெல்லஸ்லி பாலத்துப் பக்கம் நின்னேன், சேறு கலந்த தண்ணி கல் தூணைச் சுத்தி இரைஞ்சுகிட்டு போச்சு, பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது கேக்கலை. அந்தப் பாலம் 1804ல மைசூர் திவான் பூர்ணய்யா காலத்துல கட்டினது, எத்தனையோ வெள்ளத்துல முங்கி எழுந்து இன்னும் நிக்குது.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அந்த மாசத்துல இந்த ஊருக்கு ஆசையா வந்தவங்க ஒரே ஒரு கூட்டம் தான், இங்கிலீஷ்காரன் படை. அவங்களுக்கு மே மாசம் ஏன் தேவைப்பட்டுதுன்னா அப்பதான் காவிரியில தண்ணி கம்மி, பாறையைப் பிடிச்சு நடந்தே தாண்டிடலாம், ஜூன்ல மழை வந்து ஆறு ஏறிச்சுன்னா கோட்டையைத் தொடவே முடியாது, முற்றுகையை விட்டுட்டு திரும்ப வேண்டியது தான். அதனால 1799 மே 4ன்னு ஒரு தேதி, கோட்டை விழுந்து டிப்பு செத்த நாள், இந்த ஊர் முழுக்க எல்லா போர்டுலயும் இருக்கும், நீங்க நாள் பூரா பாக்கப் போறது பாதி அந்த ஒரு நாளோட கதை தான்.

கிழமையும் முக்கியம். அமாவாசை, வெள்ளிக்கிழமைன்னா கஞ்சாம் நிமிஷாம்பா கோயிலுக்குக் கூட்டம் அள்ளும், அந்தச் சின்ன ரோட்டுல வண்டி நகராது. நாங்க ஒருவாட்டி காலண்டர் பாக்காம ஆடி அமாவாசைக்குப் போய் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் காருக்குள்ளயே உக்காந்திருந்தோம், அம்மா மட்டும் சந்தோஷமா இறங்கி நடந்து போய் சாமி கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. செவ்வாய், புதன்ல போனா ஊரே உங்களுக்கு.

எப்படிப் போறது

தமிழ்நாட்டுல இருந்து நேரா வர்றவங்களுக்கு: சென்னையில இருந்து காவேரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினா காலைல மைசூர், தூத்துக்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துல இருந்தும் மைசூருக்கு ராத்திரி வண்டி இருக்கு. மைசூர்ல இறங்கி முகம் கழுவி டிபன் சாப்பிட்டுட்டு சிட்டி பஸ் ஸ்டாண்ட்ல ஸ்ரீரங்கப்பட்டணா பஸ் ஏறுங்க, பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம் தான், அரைமணி, முக்கால் மணி நேரம். டிக்கெட் புக் பண்றப்ப கொஞ்சம் கவனம், எங்க மாமா ஒருத்தரு ஸ்ரீரங்கப்பட்டணம்னு நினைச்சு ஸ்ரீரங்கத்துக்கு போட்டுட்டாரு, சிரிக்காதீங்க, நடக்குது.

பெங்களூர்ல இருந்துன்னா ரயில் தான் என் ஓட்டு. மைசூர் போற பாசஞ்சர், மெமு வண்டியெல்லாம் இங்க நிக்கும், ஸ்டேஷனே கோட்டைக்குள்ள இருக்கு, இறங்கினா அப்படியே நடந்து கோயிலுக்குப் போயிடலாம். வேகமா ஓடுற எக்ஸ்பிரஸ் எல்லாம் நிக்காது, பாத்து ஏறுங்க. பஸ்ஸுன்னா மைசூர் ரோடு சேட்டிலைட் பஸ் ஸ்டாண்டு, ஆனா நான்ஸ்டாப் வண்டியில ஏறிட்டு நடுவுல இறக்கி விடுங்கன்னா கண்டக்டர் விடமாட்டாரு, ஏறுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

கார்ல போறவங்க எக்ஸ்பிரஸ்வேல போங்க, ஆனா ஒண்ணு, அது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளிய பைபாஸா போகுது. பேசிக்கிட்டே ஓட்டினா எக்சிட்டை விட்டுட்டு மைசூர்ல போய் தான் முழிப்பீங்க. கேமரா இருக்கு, நூறுக்கு மேல அழுத்தாதீங்க. பைக்ல வர்ற பசங்களுக்கு 2023 ஆகஸ்ட்ல இருந்து மெயின் ரோட்டுல அனுமதி இல்ல, சர்வீஸ் ரோடு தான். அதுவும் ஒரு விதத்துல நல்லது தான், அப்பதான் பிடதியில தட்டை இட்லி கிடைக்கும். எக்ஸ்பிரஸ்வேல போறவங்களுக்கு அந்த பாக்கியம் இல்ல.

காலை ஏழரை: கோயில்

ஏழு, ஏழரைக்குள்ள கோட்டைக்குள்ள இருக்கிற மாதிரி வந்துடுங்க. முதல்ல ரங்கநாதர் கோயில், ஏன்னா கல்லு குளிர்ச்சியா இருக்கும், கூட்டம் இருக்காது, மதியம் ஒண்ணு, ஒண்ணரை வாக்குல நடை சாத்தினா அப்புறம் நாலு மணி தான்.

காவிரியில மூணு தீவு, மூணுலயும் ரங்கநாதர் படுத்திருக்காரு. மேல இருக்கிற இது ஆதிரங்கம், நடுவுல சிவனசமுத்திரம் மத்தியரங்கம், கடைசியா நம்ம ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கத்தோட பிரம்மாண்டத்தை மனசுல வச்சுக்கிட்டு வராதீங்க, ஏழு பிரகாரம் எல்லாம் இல்ல, ஆழ்வார் பாடினதும் இல்ல, அதனால 108 திவ்யதேசக் கணக்குலயும் வராது. ஆனா ஆதிசேஷன் மேல படுத்திருக்கிற பெருமாள் காலடியில காவேரித் தாயார் உக்காந்திருக்கிறதை அர்ச்சகர் கற்பூரம் காட்டுறப்ப மறக்காம பாருங்க. ஆத்து நடுவுல இருக்கிற ஊருக்கு அதைவிட பொருத்தமா என்ன இருக்கப் போகுது.

கோயிலை விட்டு வெளிய வந்தா எதிர்ல காலி மைதானம் மாதிரி ஒரு இடம், அஸ்திவாரம் மட்டும் இருக்கும், ஒரு போர்டு. பாதிப் பேரு அங்க வண்டியை நிறுத்திட்டு திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. அதுதான் டிப்பு குடியிருந்த அரண்மனை, லால் மஹால். கோயில் கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் எவ்வளவு தூரம்னு கண்ணால அளந்து பாருங்க, கூப்பிடு தூரம். டிப்பு இந்தக் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரம் குடுத்ததும் நிஜம், மலபார், குடகுல அவரு நடந்துக்கிட்ட விதத்துக்காக இன்னைக்கும் அவரைத் திட்டுறவங்க இருக்கிறதும் நிஜம். வாட்ஸ்அப்ல ஏதோ ஒரு பக்கத்தை மட்டும் படிச்சிட்டு வர்றவங்களுக்கு இந்த மைதானத்துல ரெண்டு நிமிஷம் நின்னா கொஞ்சம் குழப்பம் வரும், வரட்டும்.

அவருக்கு முன்னாடியே இது தலைநகர் தான்னு பல பேருக்குத் தெரியாது. 1610ல ராஜ உடையார் விஜயநகரத்து ஆளுகிட்ட இருந்து இந்த ஊரைப் பிடிச்சாரு, அந்த வருஷமே இங்க தசரா கொண்டாடினாரு. மைசூர் தசரான்னு இன்னைக்கு உலகமே பாக்குதே, அது பொறந்தது இந்தத் தீவுல தான்.

ஒன்பது மணி: கோட்டைய நடந்தே பாருங்க

இங்க ஆட்டோ வேண்டாம். ரெண்டு மணி நேரம், தொப்பி, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், கொஞ்சம் பிடிமானம் உள்ள செருப்பு, அவ்வளவு தான்.

முதல்ல மேற்கால, வடமேற்கு மூலைக்குப் போங்க, ஆத்தோரம் ஒரு கல் தூண் நிக்கும். கோட்டை மதிலை பீரங்கியால ஓட்டை போட்ட இடம் இதுதான், 1907ல நினைவுத் தூண் வச்சாங்க. மதில் மேல ஏறி நின்னு கீழ ஆத்தைப் பாருங்க. பாறை பாறையா கிடக்கும். மே 4 மதியம் ஒரு மணி வாக்குல, வெயில் உச்சத்துல, உள்ள இருக்கிறவங்க சாப்பிட்டுகிட்டு இருக்கிற நேரமா பாத்து அந்தப் பாறை வழியா தான் ஓடி வந்தாங்க. நீங்க நிக்கிற இடத்துல இருந்து எதிர்க்கரை எவ்வளவு கிட்ட இருக்குன்னு பாத்தா, தண்ணி இருந்தா இது எப்பேர்ப்பட்ட அகழி, இல்லாட்டி எவ்வளவு சாதாரணம்னு புரியும். எனக்கு இந்த ஊருலயே பிடிச்ச இடம் இது, கைடு யாரும் கூட்டிட்டு வர மாட்டாங்க, ஆடு மேய்க்கிறவங்க ரெண்டு பேரு இருப்பாங்க, அவ்வளவுதான்.

அந்தத் தாக்குதலை முன்ன நின்னு நடத்தினது டேவிட் பேர்டுன்னு ஒரு அதிகாரி. இவரு கதை தெரிஞ்சா தான் அடுத்த இடம் சுவாரஸ்யம். 1780ல டிப்புவோட அப்பா ஹைதர் அலிகிட்ட சிறைபட்டு, கால்ல குண்டடியோட, இதே ஊர்ல கிட்டத்தட்ட நாலு வருஷம் சங்கிலியில கிடந்தவரு. கைதிங்களை ரெண்டு ரெண்டு பேரா சங்கிலியில பிணைச்சிருக்காங்கன்னு ஸ்காட்லாந்துல இருந்த அவங்க அம்மாவுக்கு சேதி போனப்ப, மகனுக்காக அழாம, "அவனோட சேர்த்து கட்டினாங்களே, அந்தப் பிள்ளை பாவம்"னு சொன்னதா ஒரு கதை உண்டு, அவ்வளவு முரட்டு ஆளு. பத்தொன்பது வருஷம் கழிச்சு அதே ஊரை உடைக்க அவரே முன்ன வந்து நின்னாரு. ஜெயிச்சதும் ஊரை ஆளுற பொறுப்பை அவருக்குக் குடுக்காம கவர்னர் ஜெனரலோட தம்பி ஆர்தர் வெல்லஸ்லிக்குக் குடுத்துட்டாங்க, பேர்டுக்கு அது கடைசி வரைக்கும் ஆறலை. அந்தத் தம்பி தான் பின்னால வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோற்கடிச்ச வெலிங்டன். எந்த ஆபீஸா இருந்தாலும் வேலை செஞ்சவன் ஒருத்தன், சீட்டு இன்னொருத்தனுக்கு.

அங்கிருந்து வடக்கு மதில் ஓரமாவே கிழக்க நடந்தா கர்னல் பெய்லி சிறைன்னு போர்டு வரும், 1780ல ஹைதர், டிப்பு படைகிட்ட தோத்துப் பிடிபட்ட இங்கிலீஷ் தளபதி அவரு. படி இறங்கிப் போனா செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின வளைவுக் கூரை, சுவத்துல துளை போட்ட கல் பலகை, அதுல கையைக் கட்டிப் போடுவாங்கன்னு சொல்லுவாங்க, நடுவுல ஒரு பீரங்கி தரையில கிடக்கும். முற்றுகை நேரத்துல மேல இருந்து கூரையைப் பிச்சுக்கிட்டு விழுந்ததாம். உள்ள போனதும் எல்லாரும் பண்றது அந்தக் கல் பலகைக்கு முன்னால கையை விரிச்சு நின்னு ஃபோட்டோ எடுக்கிறது. பெய்லி நிஜமாவே இந்த ஊர்ல தான் 1782ல கைதியா செத்தாரு, அதை நினைச்சா அந்த போஸ் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்.

இன்னும் கொஞ்சம் தள்ளி டிப்பு உடல் கிடைச்ச இடம். சின்னதா ஒரு வேலி, ஒரு கல்வெட்டு. மதில்ல ஆத்துக்குப் போற தண்ணி வாசல் பக்கத்துலயே இருக்கு, டிப்புவோட மந்திரி மிர் சாதிக் காட்டிக் குடுத்த கதையை அங்க நிக்கிற எல்லாருமே சொல்லுவாங்க. ராத்திரி தீப்பந்தம் வச்சு பிணக் குவியல்ல தேடித்தான் உடலை எடுத்தாங்க. பெரிசா ஒண்ணும் இருக்காது அந்த இடத்துல, அஞ்சு நிமிஷம் போதும், ஆனா விட்டுடாதீங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஸ்டேஷன் பக்கம் வர்றப்ப மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச மாதிரி ஒரு கட்டடம் தெரிஞ்சா அது டிப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்கு. இரட்டை ரயில் பாதை போட அது குறுக்க நின்னுச்சு, இடிக்காம 2017ல முழுக் கட்டடத்தையும் ஜாக்கி வச்சுத் தூக்கி நூறு மீட்டருக்கு மேல நகர்த்தி வச்சாங்க. நம்ம ஊர்ல பழைய கட்டடம்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், அதனால இதைப் பாத்தா எனக்கு ஒரு பொறாமை.

வெடிமருந்துன்னதும் ராக்கெட் ஞாபகம் வரணும். இரும்புக் குழாய்ல மருந்து அடைச்சு மூங்கில்ல கட்டி விட்ட மைசூர் ராக்கெட்டை இங்கிருந்து அள்ளிட்டுப் போய் ஆராய்ஞ்சு தான் இங்கிலாந்துல வில்லியம் காங்க்ரீவ்ங்கறவரு தன்னோட ராக்கெட்டைப் பண்ணினாரு. அப்துல் கலாம் இளைஞனா நாசாவோட வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குப் போனப்ப அங்க வரவேற்பறையில டிப்பு படை ராக்கெட் விடுற ஓவியம் மாட்டியிருந்ததைப் பாத்து அசந்து போனதைச் சொல்லியிருக்காரு. ராமேஸ்வரம் தீவுக்காரரு, அமெரிக்காவுல ஒரு தீவுல நின்னு, கர்நாடகத் தீவு ஒண்ணோட கதையைப் பாத்திருக்காரு.

கடைசியா கோட்டையோட கிழக்கு வாசல் பக்கம் ஜும்மா மசூதி, ரெண்டு உயரமான மினார், முழுக்க புறாப் பொந்து. தொழுகை நேரம் பாத்து, அடக்கமா உடுத்திக்கிட்டுப் போங்க.

பதினொன்றரை: தரியா தவுலத்

வெயில் ஏறிடுச்சு இல்லையா, இப்ப ஆட்டோ பிடிங்க. ஏறுறதுக்கு முன்னாடி ரேட்டு பேசிக்குங்க, அதோட "எந்தக் கடைக்கும் வேண்டாம்"னும் சொல்லிடுங்க, ஒருத்தரு எங்களை சந்தன எண்ணெய்க் கடையில இறக்கிவிட்டு அரைமணி நேரம் காணாம போயிட்டாரு.

1784ல கட்டின கோடைக்கால மாளிகை, தரியா தவுலத் பாக். டிக்கெட் இருபத்தஞ்சு ரூபா தான். தூரத்துல இருந்து பாத்தா பச்சைத் தட்டி கட்டின ஏதோ குடோன் மாதிரி இருக்கும், ஏமாந்து திரும்பிடாதீங்க, உள்ள சுவத்துல இருக்கிற ஓவியம் வெயில்ல வெளுத்துடக் கூடாதுன்னு தான் அந்தத் தட்டி. தேக்கு மரத் தூணு, சுவத்துல ஒரு அங்குலம் கூட விடாம வேலைப்பாடு. உள்ள ஃபோட்டோ எடுக்க விட மாட்டாங்க, அதனாலயே நிதானமா பாப்பீங்க.

மேற்குச் சுவர் முன்னாடி குறைஞ்சது அரைமணி நேரம் நில்லுங்க. அது நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூர்ல 1780 செப்டம்பர் 10ல நடந்த சண்டை, இங்கிலீஷ்ல பொல்லிலூர்னு எழுதுவாங்க. அதுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னால பல்லவனுக்கும் சாளுக்கியனுக்கும் சண்டை நடந்த அதே புள்ளலூர் தான். அதுல பெய்லியைத் தேடுங்க, பல்லக்குல உக்காந்து விரலைக் கடிச்சுக்கிட்டு இருப்பாரு, சுத்தி அவரோட படை சதுரமா நின்னு சுருங்கிக்கிட்டே வரும், மேல மருந்து வண்டி வெடிக்கும். குதிரை வரிசை ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி, மனுஷத் தலை எல்லாம் வெட்டுப்பட்டு பறக்கும், ஆனா டிப்புவும் ஹைதரும் மட்டும் யானை மேலயும் குதிரை மேலயும் பூவை மோந்துகிட்டு போற மாதிரி நிதானமா இருப்பாங்க. ஜெயிச்சவன் வரைஞ்ச படம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் தோக்கடிச்சவன் வந்து இதே வீட்டுல குடியிருந்தான், வெல்லஸ்லி தான். வெள்ளையடிச்சு மறைச்சிருந்த படத்தை அவரே சரிபண்ண வச்சாரு, தன் நாட்டுக்காரன் தோத்த படத்தை. பின்னால கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துல மறுபடி வண்ணம் தீட்டினாங்க, அதனால இப்ப நாம பாக்குறது எல்லாமே 1784 வண்ணம் கிடையாது.

உள்ள மியூசியத்துல டிப்பு பசங்க ரெண்டு பேரை 1792ல கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ்கிட்ட பிணையா ஒப்படைக்கிற படம் இருக்கும், சின்னப் பசங்க. அந்த வருஷ ஒப்பந்தத்துல தான் பாதி ராஜ்யம் போச்சு, பாராமஹால்னு சொன்ன கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம், அப்புறம் திண்டுக்கல், எல்லாம் அன்னைக்கு கம்பெனி கைக்குப் போனது தான். 1799க்கு அப்புறம் டிப்பு குடும்பத்தை வேலூர் கோட்டைக்கு அனுப்பினாங்க, 1806 வேலூர் புரட்சிக்கு அது ஒரு காரணம். வேலூர்க்காரங்க யாராவது இந்தப் படத்தைப் பாத்தா, மீதிக் கதை உங்க ஊர்ல தான்.

மதியம்: சாப்பாடும் கல்லறையும்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்ன ஹோட்டல்ல ராகி முத்தே, சொப்பு சாரு கிடைக்கும், களியும் கீரைக் குழம்பும் தான், முத்தேயை மெல்லாம முழுங்கணும், மென்னா பல்லுல ஒட்டிக்கிட்டு முழிப்பீங்க. மட்டன் சாப்பிடுறவங்க மிலிட்டரி ஹோட்டல் போர்டு பாத்து நுழைங்க, பன்னூர் ஆட்டுக்கு பேர் போன மண்டியா ஜில்லா இது. குடும்பத்தோட உக்காந்து நிதானமா சாப்பிடணும்னா சுற்றுலாக் கழகத்தோட மயூரா ரிவர் வியூ, தெற்குக் கிளை ஓரம், சாப்பாடு சுமார் தான், ஆறு நல்லா இருக்கும்.

அதுக்குப் பக்கத்துலயே மரத்தடியில ஒரு பழைய இங்கிலீஷ்காரன் கல்லறைத் தோட்டம். சாப்பிட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் போய் பாருங்க. ஊரைப் பிடிச்சவங்க ஏன் இவ்வளவு பேரு இங்க படுத்திருக்காங்கன்னா, காய்ச்சல். கொசு. தீவு முழுக்க ஈரம், வாய்க்கால், மலேரியா அள்ளிட்டுப் போச்சு, தாங்க முடியாம 1809ல படையைக் கிளப்பி பெங்களூருக்கு மாத்தினாங்க. அப்படித்தான் பெங்களூர் கன்டோன்மென்ட் வந்தது, மெட்ராஸ் படையோட சமையக்காரன், சலவைக்காரன், கொத்தனார், வியாபாரின்னு தமிழ் ஆளுங்க வந்து அல்சூர், சிவாஜி நகர்ல எல்லாம் தங்கினது அதுக்கு அப்புறம் தான். நான் அல்சூர்க்காரன். எங்க தாத்தாவோட தாத்தா வேலூர் பக்கத்துல இருந்து வந்தாருன்னு வீட்டுல சொல்லுவாங்க. அந்தக் கல்லறைத் தோட்டத்துல கொசு கடிச்சப்ப, நாங்க பெங்களூர்காரங்க ஆனதுக்கு உங்க பாட்டன் பூட்டன் தான் காரணம்னு சொல்லி அடிச்சேன்.

மூணு மணிக்கு மேல: கும்பஸ்

அப்படியே கிழக்க கஞ்சாம் வழியா வாங்க, நிமிஷாம்பா கோயிலை இங்கயே பாத்துடலாம், கூட்டம் இல்லைன்னா கால் மணி நேரம், வேண்டினது நிமிஷத்துல நடக்கும்னு நம்பிக்கை, படி இறங்கினா ஆறு.

கும்பஸ்ங்கறது ஹைதர் அலிக்காக டிப்பு கட்டின சமாதி. நேரான நடைபாதை, ரெண்டு பக்கமும் மரம், நடுவுல வெள்ளைக் குவிமாடம், அதைச் சுத்தி 36 கருங்கல் தூணு, கண்ணாடி மாதிரி பாலிஷ், முகம் தெரியும். தந்தம் இழைச்ச கதவு டல்ஹௌசி குடுத்தது. உள்ள சுவர் முழுக்க புலி வரி. அப்பா, அம்மா, மகன், மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல.

காலைல அந்தச் சின்ன வேலி போட்ட இடத்தை விட்டுடாதீங்கன்னு சொன்னேன் இல்லையா, அது இதுக்குத் தான். அங்க மே 4 சாயங்காலம் குவியல்ல கிடந்தவரை மே 5ல ராணுவ மரியாதையோட இங்க கொண்டு வந்து புதைச்சாங்க. தீவோட ஒரு முனைல விழுந்து இன்னொரு முனைல படுத்திருக்காரு, நடுவுல அவரு ஜெயிச்ச சண்டையைச் சுவத்துல வரைஞ்சு வச்ச வீடு. இதே வரிசையில பாத்தா தான் அந்த நாலஞ்சு கிலோமீட்டர் நீளம் உறைக்கும், தலைகீழா பாத்தவங்களுக்கு இது இன்னொரு சமாதி, அவ்வளவு தான். செருப்பை வெளிய விடணும், தலைக்குத் துணி போட்டுக்கிட்டா நல்லது, உள்ள சத்தம் வேண்டாம், நிறைய பேரு துவா செய்ய வந்திருப்பாங்க.

நாலரை: சங்கமம், இல்லாட்டி பறவை

கும்பஸ்ல இருந்து கொஞ்ச தூரத்துல பிரிஞ்ச ரெண்டு கிளையும் சேருது. அஸ்தி கரைக்கிறவங்க, திதி குடுக்கிறவங்க, பரிசல்காரங்க, சுண்டல், மாங்கா, எல்லாம் ஒரே படிக்கட்டுல. பரிசல்ல போறதுன்னா லைஃப் ஜாக்கெட் இருந்தா மட்டும் ஏறுங்க, நடு ஆத்துல பம்பரம் மாதிரி சுத்தி விடுவாங்க, சாப்பிட்ட முத்தே மேல வந்துடும். குளிக்க ஆழத்துக்குப் போகாதீங்க, மேல அமைதியா தெரியும், கீழ பாறையும் சுழலும், உள்ளூர் ஆளுங்களே பயப்படுவாங்க.

டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் வர்றவங்களுக்கு ஒரு மாத்து வழி சொல்றேன். தீவுக்கு மேற்கால ரங்கனத்திட்டு பறவை சரணாலயம் இருக்கு. 1640கள்ல உடையார் ராஜா ஒருத்தரு ஆத்துக்குக் குறுக்க கட்டின அணைக்கட்டால உண்டான சின்னச் சின்னத் திட்டுங்க, சலீம் அலி சொல்லித்தான் 1940ல சரணாலயம் ஆச்சு. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் மரத்துல அடைஞ்சு கிடக்கும், படகு கிட்டப் போறப்ப பாறைன்னு நினைச்சது வாயைத் திறக்கும், முதலை. பறவைக்காகவே வர்றீங்கன்னா காலைல திறக்கிற நேரத்துக்கு முதல்ல அங்க போயிட்டு ஒன்பதரை, பத்து மணிக்கு கோயிலுக்கு வாங்க, மேற்குல ஆரம்பிக்கிற கணக்கும் கெடாது, ஆனா அப்ப நிமிஷாம்பாவையும் கல்லறையையும் விட்டுக் குடுக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிக்காதீங்க, பசங்க அழுவாங்க, பெரியவங்களுக்கு முட்டி வலிக்கும்.

மூச்சு இருக்கிறவங்க, சொந்த வண்டி இருக்கிறவங்க சங்கமத்தை அஞ்சு மணிக்கு முடிச்சிட்டு வடக்கு ஆத்தைத் தாண்டி கரிகட்டா மலைக்கு விடுங்க. படி நானூறுக்கு மேல இருக்கு, கார் ரோடும் மேல வரைக்கும் போகுது, சீனிவாசர் கோயில். மேல இருந்து பாத்தா காலைல இருந்து நடந்த தீவு மொத்தமும் கரும்புக் காடு, நெல்லு வயலோட கீழ தெரியும், ரெண்டு பக்கமும் ஆறு. இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கிடுங்க.

திரும்புற வழியில பெங்களூர்க்காரங்க மத்தூர்ல வடை வாங்காம வர மாட்டீங்க, எக்ஸ்பிரஸ்வேல போனா மத்தூர் பைபாஸ், அதனால ஊருக்குள்ள இறங்கணும், ரயில்னா ஜன்னலுக்கே வரும். வெங்காயம் போட்டு தட்டையா பொரிச்சது, சூடா இருக்கிறப்ப தான் வடை, ஆறினா வறட்டி. வீட்டுக்கு பார்சல் வாங்கி காலைல சூடு பண்ணிக்கலாம்னு எல்லாம் கணக்குப் போடாதீங்க, வண்டியிலயே தின்னு முடிச்சிடுங்க.